கழுத்து டாக்டர் வீட்டுக் கல்யாணம்

உக்காருங்கம்மா, நல்லா சாஞ்சு உக்காருங்க. என் பை மடியில இருக்கட்டும், பரவால்ல. என்ன, ஏறுனதுல இருந்து கழுத்தையே தடவிக்கிட்டு இருக்கிய, சுளுக்கா? தலகாணி மாறிட்டா? நல்லவேளை எங்க வீட்டுக்காரக இந்தப் பஸ்ல இல்ல. இருந்திருந்தா இந்நேரம் உங்க கழுத்துல ரெண்டு வெரல வச்சுக்கிட்டு கண்ண மூடி நின்னுருப்பாக. கண்டக்டர் விசில் ஊதுனாக்கூட, "கொஞ்சம் சும்மா இருங்க, ரத்த ஓட்டம் தெரியல"ம்பாக. நீங்க செருப்பக் கழத்தியிருப்பிய. நான் நடுவுல விழுந்து, "டாக்டரும்மா, டாக்டரு, தப்பா எடுத்துக்கிடாதீங்க"ன்னு கும்பிட்டிருப்பேன். முப்பத்திரெண்டு வருஷமா எனக்கு இதான் உத்தியோகம்.

ஆமா, டாக்டருதான். டாக்டர் பொண்டாட்டி என்னத்துக்கு சங்கரன்கோவில் பஸ்ல இடிபட்டுக்கிட்டுப் போறான்னு பாக்கியளா? அவுக அந்த மாதிரி டாக்டரு இல்ல. கூடப் படிச்சவுக எல்லாம் பாளையங்கோட்டையில மாடி மேல மாடி கட்டி ஆஸ்பத்திரி வச்சிருக்காக. இவுக ஆராய்ச்சி. ஒரு மெடிக்கல் காலேஜ்ல சம்பளத்துக்கு ஆராய்ச்சி. நோவுன்னு வாறவனுக்கு வைத்தியம் பாக்கவன் டாக்டரு, சரி. வீட்டுல சிவனேன்னு கெடக்கவன எழுப்பி, "வா, உன் கழுத்தப் பாக்கணும்"னு சொல்லுதவுகள என்னன்னு சொல்ல? ஊருக்குள்ள "கழுத்து டாக்டரு"ன்னு பேரு. பேரு குற்றாலிங்கம்னா ஒருத்தருக்கும் தெரியாது.

அது என்ன ஆராய்ச்சின்னா, நம்ம கழுத்துல ரெண்டு பக்கமும் ரெண்டு ரத்தக் கொழாய் மூளைக்குப் போவுதாம். வாய்க்கால்ல சகதி படியுத மாதிரி அதுக்குள்ள கொழுப்பு படியுமாம். பீடி, சிகரெட்டு, பிரஷரு, சுகரு இருந்தா இன்னும் வெரசாப் படியும். கழுத்துக் கொழாய் இருக்க லட்சணத்துலதான் நெஞ்சுக் கொழாயும் இருக்குமாம். அதனால கழுத்தப் பாத்தாலே, எவனுக்கு மாரடைப்பு வரும், எவனுக்குக் கை கால் வெளங்காமப் போவும்னு முந்தியே சொல்லிரலாமாம். கிளி ஜோசியக்காரனும் இததான் சொல்லுதான், அவன் ஒரு நெல்லுல முடிச்சிருதான். இவுகளுக்கு வண்டி, மெஷினு, டிரைவரு எல்லாம் வேண்டியிருக்கு. அதுல பெரிய கூத்து என்னன்னா, அந்தச் சகதி வலிக்கவே வலிக்காதாம். வலிக்காத நோவப் பாக்க எவன் வருவான், நீங்களே சொல்லுங்க.

வரலன்னா விடுவாகளா? பன்னெண்டு வருஷம். மானூர்ல ஆரம்பிச்சு பனவடலிசத்திரம் வர பதினாலு ஊரு, ஆயிரத்து எண்ணூறு பேரு. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா அத்தன கழுத்தையும் பாத்தாகணும். வண்டி போயி ஊர் மடத்துல நிக்கும். படுக்க வச்சு, கழுத்துல குளுகுளுன்னு ஒரு பசையத் தடவி, மெஷின வச்சு அழுத்துவாக. பொம்பளைக தாலியக் கழத்த மாட்டேன்னு சண்டைக்கு வந்தாக. அப்புறம் நாந்தான் தாலிச் சரட முதுகுப் பக்கம் தூக்கிப் போடுங்கன்னு வழி சொல்லிக் கொடுத்தேன். தேவர்குளத்துல ஒரு கெழவரு, "என் கழுத்துல என்னத்தய்யா தேடுத? நான் ஒண்ணையும் முழுங்கலியே"ன்னாராம். வந்து சொல்லிச் சிரிச்சாக. சிரிச்சுட்டு உடனே, "ஆனா அவருக்கு எடப்பக்கம் அறுபது பெர்சென்ட்டு அடைப்பு"ன்னாக. எங்க வீட்டுல சிரிப்புகூட இப்படித்தான் முடியும்.

இதுல எனக்கும் ஒரு வேலை உண்டு. பாத்த அத்தன பேருக்கும் லெட்டர் அனுப்பணும்லா. அதுக்கு ஆள் போட காலேஜ்ல மாட்டேன்னுட்டாக. ஞாயித்துக்கெழம எண்ணெ தேச்சுக் குளிச்சுட்டு வந்து, அச்சடிச்ச லெட்டர்ல அம்பது அம்பதா கையெழுத்துப் போட்டு வச்சிருவாக. "தங்கள் கழுத்து இரத்தக் குழாய்களில் கவலைப்படும்படியான அடைப்பு எதுவும் இல்லை"ன்னு இருக்கும். நூத்துக்குத் தொண்ணூறு பேருக்கு ஒண்ணும் இருக்காதுலா, அதான் கட்டுக் கட்டா பீரோல கெடக்கும். லிஸ்டப் பாத்து பேரு, நம்பரு, ஊரு எழுதி ஒட்டுதது நான். அடைப்பு இருக்கவுகளுக்கு லெட்டர் கெடையாது. அவுகளே நேர்ல போயி, அந்த வீட்டுத் திண்பண்டத்தத் தின்னு, பேரப்பிள்ளையத் தூக்கி வச்சுக்கிட்டு, பக்குவமாச் சொல்லிட்டு வருவாக.

பக்குவம் எல்லாம் ஊரான் வீட்டுக்குத்தான். சொந்த மக நிச்சயதார்த்தத்துல அது எங்க போச்சுன்னு கேளுங்க.

எங்களுக்கு ஒரே மக, சங்கரி. பேங்க்ல வேலை. இருபத்தொம்பது வயசு ஆயிட்டு. மூணு எடம் வந்து தட்டிப் போச்சு. எல்லாம் இவுக வாயாலதான். ஒரு வீட்டுல பொண்ணு பாக்க வந்தவுகள்ட்ட, "உங்க குடும்பத்துல அறுபது தாண்டுனவுக எத்தன பேரு?"ன்னு கேட்டாக. அவுக கேசரியத் தொடாம எந்திரிச்சுட்டாக. எங்க சித்தி மக கல்யாணத்துல சம்பந்தியம்மா கழுத்தையே உத்து உத்துப் பாத்துருக்காக. அந்தம்மா நகையப் பாக்கான்னு நெனச்சு முந்தானைய இழுத்துப் போத்திக்கிட்டு. நகையப் பாத்தாக்கூட எனக்குப் பெருமதான், இவுக அதுக்குக் கீழ என்ன துடிக்குன்னுலா பாக்காக!

நாலாவதா வந்ததுதான் சங்கரன்கோவில் எடம். ஆவுடையப்பண்ணாச்சி, பதினாறு தறி போட்டு நடத்துதாரு. அவுக வீட்டம்மா கோமதி மைனி. தங்கமான மனுசி. பையன் பால்வண்ணன், பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை, இப்ப வீட்டுல இருந்தே பாக்கான். சங்கரிக்கும் பிடிச்சுப் போச்சு. பிடிச்சுப் போச்சுன்னா, வாயத் தொறந்து, "அம்மா, இது நடந்தா நல்லாருக்கும்"னு சொன்னா. அந்தப் பிள்ள அதுவர எதையும் வேணும்னு கேட்டதில்லம்மா. நான் அன்னைக்கே கோமதியம்மனுக்கு வேண்டிக்கிட்டேன்.

ஆவணியில நிச்சயம். மண்டபத்துல எரநூறு பேரு. சம்பந்தி ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் சந்தனம் பூசி, மாலை போட்டு, தாம்பாளம் மாத்தணும். அதுக்கு முந்தின நாளே நான் இவுகளச் சாமி முன்னால நிக்க வச்சு, "நாளைக்கு ஒருத்தர் கழுத்தையும் பாக்கக் கூடாது"ன்னு கற்பூரத்துல அடிச்சு சத்தியம் வாங்கியிருந்தேன். சத்தியத்த மீறல. பாக்கல. சந்தனத்தப் பூசுனாக. பூசுன கை அப்படியே நின்னுட்டு.

எனக்குத் தெரிஞ்சு போச்சு. மேடைக்குக் கீழ இருந்து "ஏங்க, ஏங்க"ன்னு கையக் காட்டுதேன். ம்ஹூம். வெரலுக்கடியில குறுகுறுன்னு ஓடுதாம். டிரைவரக் கூப்ட்டு, கார்ல இருந்து காதுல மாட்டிக் கேக்குத குழாய எடுத்துட்டு வரச் சொல்லி, நாதஸ்வரக்காரர நிப்பாட்டச் சொல்லி, மாலையும் கழுத்துமா நிக்க மனுசன் கழுத்துல அத வச்சு, "அண்ணாச்சி, கொஞ்சம் மூச்ச அடக்குங்க"ன்னாக. கழுத்துச் சத்தம் கேக்கணும்னா மூச்ச அடக்கணுமாம். நிச்சயதார்த்த மேடையில வச்சு, சம்பந்திய, மூச்ச அடக்குங்கன்னு சொன்ன ஆள் இந்த ஒலகத்துலயே இவுக ஒருத்தகதான். அண்ணாச்சி பாவம், இதுவும் ஏதோ எங்க பக்கத்துச் சடங்குன்னு நெனச்சு அடக்கிட்டாரு. அவரு அக்கா இருக்கே, ஒரு சூனியக்கெழவி, அது எந்திரிச்சு, "நல்ல நேரத்துல என் தம்பிய மூச்ச அடக்கச் சொல்லுதானே பாவி!"ன்னு ஒரு சத்தம் போட்டுச்சு பாருங்க. போட்டோக்காரன் அதையும் விடல. ஆல்பத்துல மூணாவது பக்கம்.

சிரிக்கியளா? சிரிங்க. நானும் இப்ப சொல்லும்போது சிரிக்கத்தான் செய்யுதேன். அன்னைக்கு மேடைக்குக் கீழ நின்னு அம்மனக் கும்பிட்டுக்கிட்டே இருந்தேன்.

திங்கக்கெழம அண்ணாச்சிய வரச் சொல்லி மெஷின்ல பாத்தாக. எடப்பக்கம் எம்பது பெர்சென்ட்டு அடைப்பு. கேட்டதுக்கு, போன மாசம் ஒருக்கா வலது கை அஞ்சு நிமிசம் மரத்துக் கெடந்துச்சு, உதறி விட்டேன் சரியாப் போச்சுன்னுருக்காரு. அவ்வளவுதான், இவுகளுக்கு மூஞ்சி மாறிட்டு. தெனம் மாத்திரை போடணும், சிகரெட்டத் தொடக் கூடாது, ரெண்டு வாரத்துக்குள்ள மதுரையில போயி ஆபரேசன் பண்ணிக் கழுத்துக் கொழாயச் சொரண்டணும்னு சொல்லிட்டாக. என்ட்ட வந்து, "அடுத்த தடவ அஞ்சு நிமிசத்துல சரியாவாதுட்டி"ன்னாக. நான் கேட்டேன், "ஏங்க, கல்யாணம்?"னு. "அது கெடக்கு"ன்னாக.

அது கெடக்காம்! மூணு எடம் தட்டிப் போன பிள்ளைக்கு, அது கெடக்காம். அந்த அக்காக்காரி சும்மா இருப்பாளா? நிச்சயம் பண்ணுன அன்னைக்கே மாமனாருக்கு நோவக் காட்டுன பொண்ணு, வீட்டுக்குள்ள கால வச்சா என்ன ஆவுமோன்னு தெரு முழுக்கப் பேசியிருக்கா. ஊர் வாய மூட ஒலமூடி ஏது? கோமதி மைனி எனக்குப் போன் பண்ணி அழுதாக. "எனக்கு ஒண்ணுமில்ல மைனி, ஆனா அவுக அக்கா ஆபரேசன் முடியட்டும், ஒரு வருஷம் போவட்டும், அப்புறம் பாக்கலாம்ங்காக"ன்னு. ஒரு வருஷம் போவட்டும்னா என்ன அர்த்தம்னு பொம்பளப் பிள்ளையப் பெத்தவளுக்குத் தெரியாதா? சங்கரி அன்னைக்குச் சாப்பிடல. கேட்டா, பேங்க்லயே சாப்ட்டுட்டேங்கா. அது பொய்னு எனக்குத் தெரியும்.

கடலை வாங்குவோமா? வேண்டாமா. சரி.

அப்புறம் என்ன செய்ய? ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தப் பண்ணுன்னு பெரியவுக சொல்லியிருக்காக. நான் ஆயிரமா சொன்னேன்? பீரோவத் தொறந்தேன். கட்டுல இருந்து ஒரு லெட்டர உருவுனேன். பேரு எழுதுத எடத்துல "திரு. ஆவுடையப்பன்"னு எழுதுனேன். ஊரு எழுதுனேன். நம்பர் போடணும்லா, அண்ணாச்சி இந்தக் கணக்குலயே இல்லாத ஆளு. மனசுல வந்த நம்பர, எங்க வீட்டுக் கதவு நம்பர, இருபத்தேழுன்னு போட்டேன். ஒட்டி, தபால்ல போட்டேன். பன்னெண்டு வருஷமா ஆயிரக்கணக்குல செஞ்ச வேலதானம்மா. கையெழுத்து நான் போட்டதில்ல பாத்துக்கிடுங்க. கையெழுத்து அவுகளதுதான், அச்சு அச்சாபீஸ்ல அடிச்சதுதான். நான் எழுதுனது ஒரு பேரு, ஒரு ஊரு, ஒரு நம்பரு.

பொறவு அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். "அண்ணாச்சி, அன்னைக்கு மெஷின்ல கோளாறு. ரிப்பேர் பண்ணி, அந்தப் படத்தத் திரும்பப் பாத்தாச்சு, ஒண்ணுமில்லையாம். லெட்டர் வரும். அவுக கௌரவம் பாப்பாக, தப்பாப் போச்சுன்னு வாயால சொல்ல மாட்டாக, நீங்களும் கேட்டுக்கிட வேண்டாம்"னு. அந்த மனுசன் சிரிச்ச சிரிப்பு இருக்கே! "நான் அன்னைக்கே நெனச்சேன் தங்கச்சி, எனக்காவது ஒண்ணாவது"ன்னாரு. லெட்டர் வந்ததும் கண்ணாடிக் கவர்ல போட்டு அக்காக்காரி மூஞ்சிக்கு நேரே நீட்டியிருக்காரு. ஐப்பசியில முகூர்த்தம் குறிச்சாச்சு. சங்கரி மறுநாள் நாலு தோசை சாப்ட்டா. நான் எண்ணிப் பாத்தேன்.

வீட்டுல இவுகளுக்கு வேற கதை. "அண்ணாச்சி மாத்திரை போடுதாராம், கல்யாணம் முடிஞ்ச மறுவாரமே மதுரைக்குப் போறாராம்"னு சொன்னேன். இவுகளுக்கு மனசு ஆறல. அவரு கடைக்கும் தறிக்கும் நேர்ல போயி நின்னுருக்காக. அண்ணாச்சி கள்ளச் சிரிப்பு சிரிச்சு, "எல்லாம் நல்லாருக்கு சம்பந்தி, கல்யாண வேலையப் பாருங்க"ன்னு காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிட்டாரு. கௌரவம் பாப்பாகன்னு நான் சொல்லி வச்சதுக்கு அந்த மனுசன் எவ்வளவு பெரிய மனசோட நடந்துக்கிட்டாரு பாருங்க. இவுக வந்து, "பேச்ச மாத்துதாரே, மாத்திரைய ஒழுங்காப் போடுதாரா?"ன்னாக. வாரா வாரம் கேப்பாக. நானும் வாரா வாரம் "போடுதாராம்"னு சொல்லுவேன். சலிச்சுப் போச்சு எனக்கு.

கல்யாணம் ஜாம் ஜாம்னு நடந்துச்சு. கேளுங்க, அந்தக் கல்யாணத்துல இவுக ஒருத்தர் கழுத்தயும் பாக்கல, சம்பந்தி கழுத்தத் தவிர. தாலி கட்டும்போது எல்லாரும் பொண்ணு கழுத்தப் பாக்காக, இவுக மாமனார் கழுத்தப் பாக்காக. அண்ணாச்சி பந்தியில நின்னு, "இன்னொரு அப்பளம் போடு, இன்னொரு அப்பளம் போடு"ன்னு ஓடுதாரு. மண்டபத்துக்குப் பின்னால நின்னு சிகரெட்டும் குடிச்சாரு. நான் பாத்தேன். நல்ல நாளும் அதுவுமா என்னத்தச் சொல்லன்னு விட்டுட்டேன். பொறவு இவுக, "மதுரைக்கு எப்பப் போறாராம்?"னு கேக்கப்பல்லாம், "தை பொறக்கட்டும்ங்காராம்"னு சொல்லி வச்சேன்.

அம்பதாவது நாள், மார்கழியில, தறி ஓடுத எடத்துல யாவாரிட்ட போன்ல பேசிக்கிட்டே இருந்தவருக்கு வார்த்த கொழறிருக்கு. அப்படியே வலப்பக்கமாச் சரிஞ்சுட்டாரு. உசுரு இருந்துச்சு. வலது கையும் காலும் வெளங்கல. பேச்சு சுத்தமா இல்ல.

நான் அன்னைக்கு அழுதது உண்மம்மா. நடிச்சு அழல. எனக்கு அண்ணன் தம்பி கெடையாது, அந்த மனுசன் வாய் நெறையத் தங்கச்சின்னு கூப்புட்டவரு.

திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாக. இவுக அங்கயே கெடந்தாக. மூணா நாளு, வராண்டாவுல நாங்க எல்லாரும் நிக்கோம். அந்த ஆஸ்பத்திரி டாக்டர் வந்து, "இவருக்கு முந்தியே அடைப்பு இருந்துருக்கே, மாத்திர எதுவும் போடலியா?"ன்னு கேட்டாரு. இவுக, "போட்டுக்கிட்டுத்தான இருந்தாரு"ன்னாக. கோமதி மைனி, "என்ன மாத்திர? ஒண்ணுமில்லன்னு நீங்கதான எழுதிக் கொடுத்திய?"ன்னு சொல்லி, பையில இருந்து அந்தக் கண்ணாடிக் கவர எடுத்து நீட்டிட்டாக.

இவுக கண்ணாடிய மாட்டி வாசிச்சாக. நாலு வரி லெட்டர எவ்வளவு நேரம் வாசிச்சாகங்கிய! பேரு என் எழுத்து. நம்பர் இருபத்தேழு. இருபத்தேழுன்னா மானூர்ல ஆடு மேச்ச ஒரு பாட்டி, செத்து ஆறு வருஷம் ஆவுது. ஆயிரத்து எண்ணூறு நம்பரும் இவுகளுக்கு மனப்பாடம், பொண்டாட்டி பொறந்த நாள்தான் தெரியாது. தலைய நிமுத்தி என்னைய ஒரு தடவ பாத்தாக. சங்கரியப் பாத்தாக. அவ மைனி தோளப் பிடிச்சுக்கிட்டு நின்னா, பக்கத்துல மாப்பிள்ள.

"ஆமா, கையெழுத்து என்னோடதுதான்"னாக. "தப்பு என்னோடதுதான்"னாக.

கேட்டியளா? எத்தன பேரு முன்னால! ஒரு புள்ளி தப்பாப் போட்டிருக்கியன்னு சொன்னாக்கூட ஒத்துக்கிடாத மனுசன். நான் பன்னெண்டு வருஷமா தலையால அடிச்சுக்கிட்டேன், இப்படி வெத்து லெட்டர்ல மொத்தமாக் கையெழுத்துப் போட்டு வைக்காதீங்க, என்னைக்காவது வெனையாவும்னு. கேட்டாகளா? கடைசில அவுக வாயாலயே வந்துட்டு பாத்தியளா. மாப்பிள்ள சட்டையப் பிடிக்க வந்துட்டாரு. சங்கரி, "அப்பா, நீங்களா? நீங்களாப்பா?"ன்னு கேட்டுக்கிட்டே அழுதா. இவுக கவர மடிச்சு மைனி கையிலயே கொடுத்துட்டு, படியில எறங்கிப் போய்ட்டாக.

அதோட விட்டாகளா? மறுநாளே காலேஜ்க்குப் போயி, இன்ன மாதிரி ஒரு பொய் லெட்டர் என் கையெழுத்துல போயிருக்கு, இனி என் லெட்டர் ஒண்ணயும் நம்ப முடியாது, ஆயிரத்து எண்ணூறு பேரையும் வேற ஆள் வச்சுத் திரும்பப் பாருங்கன்னு எழுதிக் கொடுத்துருக்காக. வெளிநாட்டுப் புத்தகத்துல இவுக ஆராய்ச்சி அச்சாகுத நேரம். அதையும் வேண்டாம்னு இவுகளே சொல்லிட்டாக. வேலைய விடுதேன்னும் எழுதிக் கொடுத்தாச்சு. காலேஜ்ல இருந்து பிள்ளைக வந்து, "சார் அப்படி எழுதுத ஆளு இல்லயே மேடம், என்ன நடந்துச்சு?"ன்னு என்ட்ட கேக்குதுக. நான் காபி போட்டுக் கொடுத்தேன்.

இப்ப வீட்டுலதான் இருக்காக. நிம்மதிதான் எனக்கு, ஒண்ணும் சொல்லுததுக்கில்ல. விசேசத்துக்குப் போனா ஒருத்தர் கழுத்தயும் பாக்கதில்ல. தரையப் பாக்காக. வச்சதச் சாப்பிடுதாக. உப்பில்லன்னாலும் சாப்பிடுதாக. அன்னைக்கு வேணும்னே ரசத்துல உப்பப் போடாம வச்சேன், குடிச்சுட்டு எந்திரிச்சுட்டாக. ஏன்டி இப்படிச் செஞ்சன்னு ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த கேக்கல. கேட்டாத்தானம்மா நான் சொல்ல முடியும்? கை நீட்டி ஒரு அடி அடிச்சிருந்தாக்கூட நான் பதிலுக்கு நாலு பேசி மனச ஆத்திருப்பேன். கேக்காதவுகள்ட்ட போயி நானா எப்படிச் சொல்ல?

பனவடலி தாண்டிட்டா? இன்னும் அரைமணி நேரம்.

இப்ப என்னத்துக்குப் போறேன்னா, நேத்து சங்கரி போன் பண்ணுனா. கல்யாணம் ஆயி அஞ்சு மாசம் ஆவுது, நல்ல சேதியோன்னு நான் ஆசையா எடுக்கேன். "மாமாவுக்குப் பேச்சு வந்துட்டும்மா. கொழறத்தான் செய்யுது, ஆனாப் புரியுது. தங்கச்சி, தங்கச்சிங்காக. போனுங்காக. லெட்டருங்காக. உன்னையத்தான் கேக்காக. அப்பா வேண்டாம், நீ மட்டும் வா"ன்னா. குரலே ஒரு மாதிரி இருந்துச்சு. பேச்சு வந்ததும் மொத வேலையா சம்பந்தியம்மாவத் தேடுதாரு, மரியாதை தெரிஞ்ச மனுசன்னு பக்கத்து வீட்டுல சொல்லிட்டு வந்தேன். அவுக நம்பிட்டாக. நீங்க ஏன் அப்படிப் பாக்கிய? எனக்குத் தெரியாமலா இருக்கும்? ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. அதுக்காகப் போவாம இருக்க முடியுமா, மக கூப்புடுதா. முறுக்கும் அதிரசமும் சுட்டு எடுத்துக்கிட்டேன், வெறுங்கையோட சம்பந்தி வீட்டுக்குப் போவக் கூடாதுலா.

காலையில வாசல்ல நின்னு செருப்ப மாட்டுதேன். உள்ள இருந்து இவுக எந்திரிச்சு வந்தாக. நேத்து நான் சங்கரிட்ட ஸ்பீக்கர்ல போட்டுப் பேசுனது உள்ள கேட்டிருக்கும். மூணு மாசத்துல என் மூஞ்சியப் பாத்துப் பேசுனது இன்னைக்குத்தான். "அங்க என்ன கேட்டாலும், எங்க வீட்டுக்காரகதான் பேரு எழுதச் சொன்னாக, எழுதுனேன்னு சொல்லிரு. போனும் நான் சொல்லித்தான் பண்ணுனன்னு சொல்லு. சங்கரிக்கு அம்மா வீடுன்னு ஒண்ணு இருக்கணும்"னாக. சொல்லிட்டு உள்ள போயி கதவச் சாத்திக்கிட்டாக.

பாத்தியளா அந்த மனுசன் திமிர? முப்பத்திரெண்டு வருஷம் கூட இருந்து குடும்பம் நடத்திருக்கேன். ஆராய்ச்சிதான் அவுகளது, பேருதான் அவுகளது, போவட்டும். நான் செஞ்ச தப்பயாவது எனக்குன்னு விட்டு வைக்கக் கூடாதா?

அந்தா கோபுரம் தெரியுது. இந்தத் தூக்குச் சட்டியக் கொஞ்சம் பிடிங்க, சேலையச் சரி பண்ணிக்கிடுதேன். நீங்க படிச்ச பிள்ளையாத் தெரியுதிய, நீங்க சொல்லுங்கம்மா. அந்த வீட்டுப் படி ஏறிப் போயி, நான் இப்ப என்னன்னு சொல்ல?